மாவுக்கட்டை அறுத்த நேரம்

1986 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். சேலத்தில் வானம் முழுக்க மூடியிருந்தது. மேற்கிலிருந்து காற்று. விட்டு விட்டுத் தூறல், குடை விரிக்கும் அளவுக்கு இல்லை. ஜேடர்பாளையம் தடுப்பணையில் நீர்மட்டமும் மழையும் அளந்து எழுதுவதுதான் அப்போது என் வேலை. நேரமும் வானமும் இல்லாமல் எனக்கு எதுவும் நினைவுக்கு வராது.

சென்னையிலிருந்து வந்த பேருந்தில் இறங்கி, முகம்கூடக் கழுவாமல், தேர்வு நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு நேராகப் போனேன். சட்டைப் பையில் அரசு முத்திரை போட்ட ஓர் உத்தரவு இருந்தது. பொறியியல் கல்லூரி நுழைவுத் தேர்வில் என் மூத்த மகளுக்கு வினாத்தாளை ஒருவர் வாசித்துக் காட்டலாம், அரை மணி நேரம் கூடுதலாகத் தரலாம் என்று அதில் எழுதியிருந்தது. அதை வாங்க மூன்று மாதம் அலைந்திருந்தேன். நான்கு முறை சென்னை போயிருந்தேன்.

பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் என் மனைவி நின்றாள். பக்கத்தில் அவள் தம்பி. இருவருக்கும் நடுவில் என் மகள், வலது கையில் விரல் கணுவிலிருந்து முழங்கை வரை வெள்ளையாக மாவுக்கட்டு போட்டு, கழுத்தில் தூளி கட்டி நின்றாள்.

கிட்டே ஓடினேன். "என்ன சாமி ஆச்சு? எங்க விழுந்தே?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு மாமனைப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகலீங்கப்பா. கை நல்லாத்தான் இருக்குது."

நல்ல கைக்கு ஏன் கட்டுப் போட்டார்கள் என்பதைச் சொல்வதற்கு முன் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவளைத் தெரியாத எல்லோரும் கேட்கும் அதே கேள்வியை நீங்களும் கேட்பீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

அவளுக்குப் படிக்க வரும். ஆனால் வாசிக்க வராது. இரண்டும் வேறு என்பதை ஒருவருக்குப் புரியவைக்க எனக்குச் சராசரியாக இருபது நிமிடம் ஆகும், அதிலும் பாதிப் பேருக்குப் புரியாது. ஐந்தாம் வகுப்பில் பத்து வரிப் பாடத்தை வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டி, நின்று, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து, வியர்த்து உட்காருவாள். "ஒரு வரி முடியறதுக்குள்ள, மொதல்ல என்ன படிச்சேன்னு தேடோணுமுங்கப்பா" என்பாள். தங்கை அதே பாடத்தை ஒருமுறை உரக்க வாசித்தால் போதும், அக்கா அதைத் திருப்பிச் சொல்லிவிடுவாள். எங்கள் வீட்டில் இரண்டு பெண்களும் அப்படித்தான் வளர்ந்தார்கள். சின்னவள் வாயும் பெரியவள் காதும் சேர்ந்துதான் ஒரு பாடப்புத்தகம்.

பள்ளியில் அவளை மக்கு என்றார்கள். ஆறாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றினார்கள். எட்டாம் வகுப்பில் ஓர் ஆசிரியை, வாசிக்கத் தெரியாதவளுக்குக் கணக்கில் எப்படி எண்பத்தாறு வரும் என்று சந்தேகப்பட்டு, விரல் முட்டியில் அடிமட்டத்தால் அடித்துத் தனியாக உட்காரவைத்து மறு தேர்வு வைத்தாள். தொண்ணூற்றொன்று வந்தது. அடித்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் போய்க் கேட்டபோது, "அப்ப அவ வேணும்னேதான் வாசிக்க மாட்டேங்கறா" என்றார்கள்.

விடுமுறையில் எனக்குச் சோறு கொண்டு தடுப்பணைக்கு வருவாள். மதகு ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்கினால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று நான் அட்டவணையைப் பார்த்துச் சொல்வேன். அவள் தண்ணீரைப் பார்த்துச் சொல்வாள். இரண்டு மூன்று தரம் தவறும், மற்றபடி சரியாக இருக்கும். சிவில் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு அந்த ஷட்டர் மேல் நின்றுதான் வந்தது. நான் சொல்லி வந்ததில்லை.

பிளஸ் டூ பரீட்சை அவளுக்குத் தடையாக இருக்கவில்லை. கணக்குத் தாளில் கேள்விகள் குறைவு, வேலை அதிகம். அரை மணி நேரம் எழுத்தோடு மல்லுக்கட்டினாலும் மீதி நேரத்தில் முடித்துவிடுவாள். மொழிப் பாடங்களில் எப்படியோ கரையேறினாள். நுழைவுத் தேர்வு அப்படியில்லை. ஒவ்வொரு தாளிலும் கேள்வி நூறு, நேரம் இரண்டு மணி. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் அச்சாகியிருக்கும், எல்லாவற்றையும் வாசித்துத்தான் ஒன்றைக் குறிக்க வேண்டும். மார்ச் மாதம் ஒரு மாதிரி வினாத்தாள் வாங்கிவந்து, கடிகாரத்தை வைத்து அவளைச் சோதித்தேன். தானே வாசித்தபோது இரண்டு மணி நேரத்தில் ஐம்பத்தெட்டுக் கேள்விதான் தொட முடிந்தது. அதில் ஐம்பத்தைந்து சரி. மறு வாரம் வேறொரு தாளைத் தங்கை வாசித்தாள். தொண்ணூற்றேழு தொட்டாள். தொண்ணூற்றொன்று சரி.

இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு புறப்பட்டேன். எண்ணைக் காட்டினால் மனிதர்களுக்குப் புரியும் என்று அப்போது நம்பினேன்.

முதலில் பள்ளித் தலைமையாசிரியர். அவர் அந்தத் தாளை வாங்கவே இல்லை. "எங்க ஸ்கூல்ல அந்த மாதிரிப் புள்ளைங்க கிடையாதுங்க" என்றார். எந்த மாதிரி என்று கேட்டேன். "நீங்க சொல்ற மாதிரி" என்றார். பத்து வருடம் அவளை மக்கு என்றவர்களுக்கு, அதை எழுத்தில் கொடுங்கள் என்றதும் பள்ளிக்கூடத்தின் பெயர் நினைவுக்கு வந்துவிட்டது.

சேலத்தில் ஒரு கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் அதே ஐம்பத்தெட்டைத்தான் தொட்டாள், எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது என்றாள்.

சென்னையில் தேர்வு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. மேசைக்கு மேலே மின்விசிறி, மேசை மேல் மூடி வைத்த டிபன் பாக்ஸ். விண்ணப்பத்தில் சலுகை கேட்பவர்களுக்கு இரண்டே வகை இருந்தது. கண் பார்வை இல்லாதவர், கை வழங்காதவர்.

"பொண்ணுக்குக் கண்ணு தெரியுமா?"

"தெரியும்."

"கை?"

"நல்லா இருக்குதுங்க."

"அப்புறம் இன்னா சார் உங்க பிரச்சினை? கடவுள் எல்லாத்தையும் குடுத்துட்டாரேன்னா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நான் என் தாளைக் காட்டினேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றொன்று. அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது லாட்டரி நம்பரா சார்?" என்றார். அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் இருக்கிறது. அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாம் முறை போனபோதுதான், அதே அலுவலகத்தில் காத்திருந்த ஒரு பெரியவர் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் இருப்பது தெரிந்தது. அடுத்த முறை மகளையும் அழைத்துப் போனேன். மூன்று மணி நேரம் சோதித்தார். படம் காட்டினார், கட்டை அடுக்கச் சொன்னார், வாசிக்கச் சொன்னார், வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டார். கடைசியில் ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னார். இப்போது அது பேப்பரில் டிஸ்லெக்சியா என்று சாதாரணமாக வருகிறது. அப்போது நான் அதைக் கேட்டதே இல்லை. "உங்க பொண்ணுக்கு அறிவுல ஒரு குறையும் இல்ல. வாசிக்கிற வழி மட்டும் அடைபட்டிருக்கு. யாராவது வாசிச்சா எல்லாம் உள்ள போயிடும்" என்றார். மகள் வெளியே வந்து, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். ஏன் என்று கேட்டேன். "நான் வேணும்னு பண்ணலைன்னு ஒருத்தராச்சும் சொன்னாங்களேப்பா" என்றாள்.

அவர் எழுதிக் கொடுத்த சான்றிதழ்தான் எங்கள் வீட்டில் தீ வைத்தது. அதில் மருத்துவர் எழுதியது எல்லாம் நல்ல வார்த்தைகள். ஆனால் தாளின் தலைப்பில் மனநலப் பிரிவு என்று அச்சடித்திருந்தது.

என் மச்சினன் மல்லசமுத்திரத்துக்காரன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருந்தான். பாதி வருடம் ஆந்திராவிலும் ஒரிசாவிலும் இருப்பான். கையில் காசு இருந்தது, வீட்டில் போன் இருந்தது, எதையும் முடித்துத் தர முடியும் என்ற எண்ணமும் இருந்தது. அவன் மகனுக்கு என் மூத்த மகள் முறைப்பெண். யாரும் பேசி முடிக்கவில்லை, ஆனால் அவனும் என் மனைவியும் மனதுக்குள் முடித்து வைத்திருந்தார்கள்.

அவன் தாளைத் தலைப்போடு நிறுத்திக்கொண்டான், கீழே வாசிக்கவில்லை. "ஏனுங்க மச்சான், புள்ளைக்குப் பைத்தியம்னு கவர்மெண்டு சீல் வாங்கிட்டு வந்திருக்கீங்களா? இது நாளைக்கு எங்க எங்க போகும்னு ரோசனை பண்ணுனீங்களா? சின்னவளுக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

"பைத்தியம்னு எங்க எழுதியிருக்குது மாப்ள, காட்டு."

"மேலயே போட்டிருக்குதுங்களே! ஊருல எவன் கீழ வரைக்கும் படிக்கறான்?"

அது உண்மைதான். ஊரில் யாரும் கீழே வரை படிப்பதில்லை. என் மகள்தான் வாசிக்க வராதவள் என்று பெயர்.

இருந்தும் நான் அந்தச் சான்றிதழை இணைத்து விண்ணப்பித்தேன். நான்காவது பயணம் ஜூன் பன்னிரண்டாம் தேதி. தேர்வுக்கு மூன்று நாள்தான் இருந்தது. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக நான் கூடவே நடந்தேன். பதின்மூன்றாம் தேதி மாலை மச்சினன் வீட்டுக்கு டிரங்கால் புக் செய்து பேசினேன். என் மனைவியும் மகளும் அங்கேதான் தங்கியிருந்தார்கள், சேலத்துக்கு அவன் காரில் போவதாக ஏற்பாடு. "இன்னும் கையெழுத்தாகலை. நாளைக்கு ஆகும்னு அதிகாரியே சொன்னாரு. உத்தரவோட நேராப் பரீட்சை நடக்கற எடத்துக்கு வந்தர்றேன்" என்று தெளிவாகச் சொன்னேன். அவன் "சரிங்க மச்சான், சரிங்க" என்றான்.

சனிக்கிழமை சாயந்தரம் அதிகாரி கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இப்படி ஒண்ணு இதுக்கு முந்தி நான் போட்டதில்ல. நாளைக்கு யாராச்சும் கேட்டா பதில் சொல்லிக்கிறேன். போங்க, பஸ்ஸைப் புடிங்க" என்றார். அந்த மூன்று மாதத்தில் என்னை மனிதனாக நடத்திய அரசு ஊழியர்கள் இரண்டு பேர். அவர் ஒருவர், அந்த மருத்துவர் இன்னொருவர்.

நான் பேருந்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மச்சினன் என் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் போயிருக்கிறான். ரிக் வண்டி ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் ஒரு டாக்டர் தெரிந்திருக்கும். வேலையாள் கம்பியில் கையைக் கொடுத்துவிட்டால், அடிபட்டது எங்கே, எப்போது, எப்படி என்று இன்சூரன்சுக்கு ஏற்ற மாதிரி எழுதித் தருபவர். அவரிடம் என் மகளின் நல்ல கைக்குக் கட்டுப் போட்டு, எலும்பு முறிவு என்று சான்றிதழும் வாங்கிவிட்டான். கை உடைந்தவளுக்குப் பதில் எழுத ஓர் ஆளை விடுவார்கள், மனநலம் என்ற பேச்சே வராது. உலகத்திலேயே பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நினைப்பு. ரிக் தொழிலில் எந்தச் சிக்கலுக்கும் முதலில் நீட்டுவது அந்த டாக்டரின் சான்றிதழைத்தான். வேறு எந்தத் தொழில்காரனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

இதையெல்லாம் வேப்பமரத்தடியில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தான்.

"நான் போன்ல என்ன சொன்னேன் மாப்ள?"

"நாளைக்கு ஆகும்னீங்க. கவர்மெண்டுல நாளைக்குன்னது என்னிக்குங்க வந்திருக்குது? புள்ள வாழ்க்கையாச்சேன்னு நான் ஒரு வழி பண்ணுனேன்."

"அவளுக்கு எழுத வராதுன்னு யாரு உங்கிட்டச் சொன்னது? அவளுக்கு வாசிக்கத்தான் ஆளு வேணும். எழுதற ஆளு கேள்வியை வாசிச்சுக் காட்டுவானா?"

அவன் முழித்தான். அதை அவன் யோசிக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவளுக்கு என்ன வராது என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பொய் சொன்னான், போகட்டும். பொய்யையும் தப்பான உறுப்புக்குச் சொன்னான்.

மகள் சொன்னாள். "நான் நேத்தே சொன்னனுங்கப்பா, இது எனக்கு ஆகாதுன்னு. 'சும்மா இரு, உங்கப்பனுக்கு வெவரம் பத்தாது'ன்னாங்க."

உத்தரவை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தேர்வுக் கண்காணிப்பாளர் ஒரு கல்லூரிப் பேராசிரியர், ஒல்லியானவர், கையில் சாக்பீஸ் தூள். உத்தரவை இரண்டு முறை படித்தார். பிறகு மேசையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். மச்சினன் எட்டே காலுக்கே எலும்பு முறிவுச் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"இது ரெண்டும் ஒரே பொண்ணுக்கா?"

"ஆமாங்க."

"இதுல கை ஒடஞ்சிருக்கு. அதுல வாசிக்க வராது. எதுங்க நிஜம்?"

"உத்தரவுதாங்க நிஜம். கை நல்லா இருக்குது."

"அப்போ இது பொய் சர்டிபிகேட்டா? பொய் சர்டிபிகேட் குடுத்தா நான் என்ன செய்யணும் தெரியுமா? போலீசுக்கு எழுதணும். பொண்ணு மூணு வருஷத்துக்குத் தேர்வே எழுத முடியாது."

எதைச் சொன்னாலும் அவர் எழுதிவிடுவார் போலிருந்தது. அவர் மணியைப் பார்த்தார், ஒன்பது முப்பத்தெட்டு. கொஞ்ச நேரம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எலும்பு முறிவுச் சான்றிதழை மடித்து என் கையில் கொடுத்தார்.

"இதை நான் பாக்கலை. கட்டில்லாம, ரெண்டு கையோட உங்க பொண்ணு வந்தா உத்தரவுபடி ஆள் தர்றேன். கட்டோட வந்தா உத்தரவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பத்தரைக்கு மேல யாரையும் உள்ள விட மாட்டேன். ஆனா நேரம் பத்துலருந்துதான். லேட்டா வந்ததுக்கு நான் பொறுப்பில்ல."

வெளியே வந்து சொன்னதும் மச்சினன் குதித்தான். "கட்டை அறுத்தா டாக்டரு மாட்டுவாருங்க! என் இன்சூரன்ஸ் கேஸ் அத்தனையும் அவருகிட்ட இருக்குது!"

என் மனைவி அவனை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். அவள் சத்தம் போடவில்லை. "ஏனுங்க, கையில இருக்கற கட்டு ரெண்டு மாசத்துல ஆறிப்போச்சுன்னு சொல்லிக்கலாம். நீங்க வாங்கிட்டு வந்த காயிதத்துல எழுதுனது ஆறுமாங்க?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் பள்ளிக்கூடக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதுக்குங்கம்மா ஆறோணும்?" என்றாள். "அறுங்கப்பா."

இரண்டு தெரு தள்ளி ஒரு லாரி பாடி கட்டும் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வேலை நடந்துகொண்டிருந்தது. தகரம் வெட்டுகிறவர் ஒருவர் என் மகள் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஒடஞ்ச கையை என்னை அறுக்கச் சொல்றீங்களா?"

"கை ஒடையலீங்க."

"ஒடையாத கைக்கு எதுக்குங்க கட்டு?"

"கட்டுனவன் பின்னால வாரான், அவனைக் கேளுங்க."

மச்சினன் பின்னால்தான் வந்தான், நல்ல செருப்பில் கிரீஸ் படாமல் தாண்டித் தாண்டி. அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கட்டு நேற்று போட்டது, நன்றாக இறுகியிருந்தது. வேலைக்காக என் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். அதைக் கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் பஞ்சோடு சேர்த்துச் செருகிப் பிடித்தேன். அவர் ஸ்கேலுக்கு மேலாகத் தகரக் கத்தரியை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார். முழங்கைப் பக்கம் கத்தரி நுழையவில்லை. வாளியில் கையை முக்கி ஊறவைத்தோம். பத்து மணி அடித்தது பட்டறை வரை கேட்டது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லீங்கப்பா, ஃபார்முலா சொல்லிப் பாக்கறேன்" என்றாள்.

பத்து பதினான்குக்குக் கட்டு இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே கை வெளுத்து, வியர்த்து, பஞ்சு ஒட்டிக் கிடந்தது. ஐந்து ரூபாய் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, "நல்லா எழுது சாமி" என்றார். ஓடினோம். பத்து இருபத்திரண்டுக்கு அவள் உள்ளே போனாள்.

இருபத்திரண்டு நிமிடம். உத்தரவு வாங்கிக் கொடுத்த முப்பது நிமிடத்தில் இருபத்திரண்டை அந்த மாவுக்கட்டு தின்றுவிட்டது. மிச்சம் எட்டு. வாசலில் நின்று நான் இதைத்தான் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். என் மனைவி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பிளந்த கட்டின் ஒரு பாதியை மடியில் வைத்திருந்தாள். அதை ஏன் எடுத்து வந்தாள் என்று தெரியவில்லை. மச்சினன் காரில் போய்ப் படுத்துக்கொண்டான்.

வெளியே வந்தபோது மகள் முகம் சிவந்திருந்தது. வாசிக்க வந்தவர் கணக்குப் படித்திருக்கக் கூடாது என்று விதியாம். வரலாற்று ஆசிரியர் ஒருவரை விட்டிருக்கிறார்கள். "எக்ஸுக்குத் தலைக்கு மேல பொடுசா ஒரு ரெண்டுன்னாருங்கப்பா. அப்பறம், பாம்பு நின்ன மாதிரி ஒரு கோடுன்னாரு, அது இன்டெக்ரல். மொதல்ல சிரிப்பு வந்துச்சு. பொறவு அவரு பாசை எனக்குப் புடிபட்டிருச்சு." அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு சொன்னாள், "பதினேழு கேள்வி அவரு வாசிக்கவே இல்லீங்கப்பா. மணி அடிச்சிருச்சு."

மற்றத் தாள்களில் முழு நேரமும் கிடைத்தது. எல்லாம் தொட்டாள்.

பட்டியல் வந்தபோது அரசுக் கல்லூரி இடம் நான்கு மதிப்பெண்ணில் போனது. பதினேழு கேள்வியில் நான்கு மதிப்பெண் இருந்திருக்காதா என்று நான் கேட்காத ஆள் இல்லை. பதில் எனக்கே தெரியும்.

அந்த வருடங்களில் தனியார் பொறியியல் கல்லூரிகள் அங்கங்கே முளைத்துக்கொண்டிருந்தன. ஒன்றில் சிவிலுக்கு இடம் இருந்தது. நன்கொடை இருபத்தெட்டாயிரம் கேட்டார்கள். ரசீது தர மாட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்தான். பழத்தட்டோடு வந்தான், அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. "நடந்தது நடந்து போச்சுங்க மச்சான். பணம் நான் கட்டறேன். நாலு வருசம் படிக்கட்டும். படிச்சு முடிச்சதும் என்ற பையனுக்கே கட்டிக் குடுத்தர்லாம். அந்தக் காயிதம் வெளிய போகாம ஊட்டுக்குள்ளயே முடிஞ்சிரும்."

என் மனைவி தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது நியாயமாகப் பட்டிருக்கலாம். ஒரு பெண்ணின் பெயரை மூடி வைக்க ஒரு வீடு கிடைக்கிறது, கூடவே படிப்பும் கிடைக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மகள் வந்தாள்.

"மாமா, உங்க பையனுக்கு என்ன கை ஒடஞ்சிருக்குதுன்னு என்னைக் கட்டி வெக்கறீங்க?"

சின்னவள் அடுப்படியிலிருந்து சிரித்துவிட்டாள். என் மனைவிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மச்சினன் முகம் கறுத்தது. "வாசிக்க வராட்டியும் வாய் நல்லா வருது" என்று எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னான், "கட்டுக்கு நாப்பது, சர்டிபிகேட்டுக்கு எழுபத்தஞ்சு நான் குடுத்தனுங்க. அதையெல்லாம் நான் கேக்கலை, பாருங்க." கேட்கவில்லை என்று சொல்லியே கேட்டுவிட்டான். திங்கட்கிழமை காலை அந்த நூற்றுப் பதினைந்து ரூபாயை மணியார்டர் செய்தேன்.

வாய்க்கால் பாசனத்தில் என் பங்குக்கு வந்த நிலத்தில் ஓர் ஏக்கரை விற்றேன். வாங்கியவர், ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். மகள் படிப்புக்கு என்றேன். "பொண்ணு படிப்புக்கா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, விலையில் இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

அவள் ஐந்து வருடத்தில் முடித்தாள். நான்கு வருடப் படிப்பு. ஒரு வருடம் கூடுதலாக ஆனதற்குக் காரணம், அந்தக் கல்லூரியில் யாரும் அவளுக்கு எந்தத் தாளையும் வாசித்துக் காட்டவில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் உத்தரவின் நகலோடு போய் நின்றேன். நுழைவுத் தேர்வுக்குத்தானே உத்தரவு, இதற்கு இல்லையே என்றார்கள். பிறகு நீர்ப்பாசன வேலையிலேயே சேர்ந்தாள். கல்யாணம் அவளாகப் பார்த்துச் செய்துகொண்டாள். அந்தக் காகிதத்தை கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் முதல் நாளே காட்டிவிட்டாளாம். அவர் கீழே வரை படித்தாராம். சின்னவளுக்கும் நல்ல இடத்தில்தான் முடிந்தது. எந்தப் பேச்சும் வரவில்லை. பிளந்த கட்டின் அந்தப் பாதி என் மனைவி இறக்கும் வரை அவள் பீரோவில் இருந்தது.

இப்போது விண்ணப்பத்தில் இதற்கென்று தனி வகை இருக்கிறது என்று பேத்தி காட்டினாள். ஒரு கட்டத்துக்குள் குறியிட்டுச் சான்றிதழை இணைத்தால் போதுமாம். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு கட்டம். ஒரு விரல் நகம் அளவுக்கு ஒரு கட்டம் அச்சடிக்க அவர்களுக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அதை அன்றைக்கே அடித்திருந்தால் மச்சினனுக்கு மாவுக்கட்டு நினைவுக்கே வந்திருக்காது.

அந்தக் கட்டம் இல்லாததால் எனக்கு ஆன செலவு: நன்கொடை, நான்கு சென்னைப் பயணம், நகல் எடுத்தது, சேலம் போய் வந்தது, தகரம் வெட்டுகிறவருக்குக் கொடுத்தது, மச்சினனுக்கு அனுப்பியது எல்லாம் சேர்த்து, மணியார்டர் கமிஷன் நீங்கலாக, இருபத்தெட்டாயிரத்து அறுநூற்றுப் பத்தொன்பது ரூபாய் இருபத்தைந்து காசு.